டிஜிட்டல் நாடாவில் எதை இழக்கலாம்?

தொழில்முறையில் ஒரு விவரணப் படத்தையோ செய்தித் தொகுப்பையோ கதைப்படத்தையோ எடுக்கப் புறப்படுகிறவர், எந்த முறையில் பதிவு செய்வது, எந்தக் காமிராவைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டாக வேண்டிய நிர்ப்பந்தம், 1990-களின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுக் காலம் உலகெங்கும் இருந்தது. அதற்கு முன்பு இந்தக் கேள்வி இவ்வளவு சிக்கலாக இருக்கவில்லை. வசதியுள்ளவர் பிலிமில் எடுத்தார், தொலைக்காட்சிக்காரர் பீட்டாகேம் என்னும் தொழில்முறை நாடாவில் எடுத்தார், கல்யாண வீட்டுக்காரர் வி.எச்.எஸ். கேசட்டோடு திருப்தி அடைந்தார். டிஜிட்டல் நாடா வந்ததும் இந்த மூன்று தளங்களுக்கும் நடுவே இருந்த சுவர்கள் இடிந்து, பத்துப் பன்னிரண்டு முறைகள் ஒரே சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. ஒவ்வொன்றின் விளம்பரமும் அது எத்தனை கோடுகளை, எத்தனை பிக்சல்களைப் பாதுகாக்கிறது என்று உரக்கச் சொன்னது. எவற்றையெல்லாம் எறிந்துவிட்டு அவற்றைப் பாதுகாக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. எறிந்தது எது என்பதை அறிவதுதான் தேர்வின் முதல் படி என்பது என் உறுதியான அபிப்பிராயம். டிஜிட்டல் என்றாலே குறைவற்ற பிரதி என்ற நம்பிக்கை சாமானியரிடையே பரவியிருந்தபோதிலும், நடைமுறையில் அநேகமாக எல்லா நாடா முறைகளுமே காமிரா கண்ட காட்சியில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழப்பதற்கு நாம் முன்கூட்டியே கொடுக்கும் சம்மதம்தான். எந்த இழப்பை நம் வேலை தாங்கும், எதைத் தாங்காது என்பதைத் தெரிந்துகொண்டவருக்கே தேர்வு சுலபமாகும்.

ஏன் இழக்க வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ள நாடாவின் இயல்பை முதலில் பார்க்க வேண்டும். ஒலியைக் காந்த நாடாவில் பதிவு செய்வதற்கு விநாடிக்குப் பல ஆயிரம் அதிர்வுகளைப் பிடித்தால் போதும். அசையும் சித்திரத்துக்கோ விநாடிக்குப் பல லட்சக்கணக்கான அதிர்வுகள் வேண்டும். நாடாவை அவ்வளவு வேகத்தில் நேராக ஓட்டினால் சில நிமிஷங்களில் மைல் கணக்கில் நாடா தீர்ந்துவிடும். சார்ல்ஸ் கின்ஸ்பர்க் தலைமையில், பிற்காலத்தில் ஒலித்துறையில் பெரும் புகழ் அடைந்த ரே டால்பியும் இருந்த ஒரு சிறு குழு, ஆம்பெக்ஸ் நிறுவனத்துக்காக இந்தச் சங்கடத்துக்கு ஒரு பரிகாரம் கண்டு, 1956-ஆம் ஆண்டு ஏப்ரலில் சிகாகோ நகரில் அதைப் பகிரங்கமாகச் செய்து காட்டியது. நாடா மெதுவாகவே ஓடட்டும், அதை வாசிக்கும் காந்தத் தலைகளைச் சுழலும் உருளையில் பொருத்தி வேகமாகச் சுழற்றுவோம் என்பதே அவர்களுடைய யுக்தி. இரண்டு அங்குல அகல நாடாவின் குறுக்கே நான்கு தலைகள் சுழன்ற அந்த யந்திரம் ஒரு பீரோவைவிடப் பெரியது. பிற்காலத்தில் தலைகள் நாடாவின் குறுக்கே ஓடாமல் சாய்கோடாக ஓடும்படி அமைத்ததால் யந்திரங்கள் சிறுத்தன. அடிப்படைத் தத்துவம் மாறவில்லை.

அந்தத் தத்துவம் எவ்வளவு தூரம் சுருங்கியது என்பதை, 1995-இல் சந்தைக்கு வந்து டிஜிட்டல் வீடியோ என்ற பொதுப் பெயராலும் சுருக்கமாக டிவி முறை என்றும் வழங்கப்பட்ட ஏற்பாட்டை உற்று நோக்கினால் பிரத்தியட்சமாகக் காணலாம். உள்ளங்கையில் அடங்கும் மினி டிவி கேசட்டின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது கால் அங்குல, அதாவது 6.35 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய நாடா. அது விநாடிக்கு 18.8 மில்லிமீட்டர், இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரமே நகர்கிறது. அது சுற்றிச் செல்லும் 21.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையோ நிமிஷத்துக்கு 9000 தடவை சுழல்கிறது. அதிலுள்ள தலைகள் நாடாவின் மேல் விநாடிக்குப் பத்து மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் உராய்ந்து செல்கின்றன. ஒவ்வொரு விநாடியிலும் அவை 300 சாய்கோடுகளை எழுதுகின்றன. நம் நாட்டில் வழங்கிய பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில், விநாடிக்கு 25 பிரேம்கள் என்ற கணக்கில், ஒரு பிரேமுக்குப் பன்னிரண்டு கோடுகள். ஒவ்வொரு கோட்டின் அகலமும் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. இந்தக் கடைசி எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் ஒரு முக்கியமான விஷயம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

இந்தக் கோடுகளில் எழுதப்படுவது என்ன? 1982-இல் சர்வதேச வானொலி ஆலோசனைக் குழு வகுத்த 601 என்னும் சிபாரிசு, ஐரோப்பாவும் இந்தியாவும் பின்பற்றிய 625 கோட்டு முறைக்கும், அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய 525 கோட்டு முறைக்கும் பொதுவாக, சித்திரத்தின் பிரகாசத்தை விநாடிக்கு ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் தடவையும், இரண்டு வர்ண வேறுபாடுகளை ஒவ்வொன்றும் அதில் பாதித் தடவையும் அளந்தெடுக்க வேண்டும் என்று விதித்தது. இந்த விகிதத்தையே 4:2:2 என்று குறிக்கிறார்கள். இதன்படி கண்ணுக்குத் தெரியும் ஒரு கோட்டில் 720 பிரகாசப் புள்ளிகளும், ஒவ்வொரு வர்ண வேறுபாட்டுக்கும் 360 புள்ளிகளும் கிடைக்கின்றன. பால் முறைச் சித்திரத்தை எட்டு பிட் நுட்பத்தில் இப்படி அளந்தால் விநாடிக்குச் சுமார் 166 மெகாபிட் தகவல் திரள்கிறது. 1980-களின் பிற்பகுதியில் சோனி நிறுவனம் வெளியிட்ட டி-1 என்னும் யந்திரம் இவ்வளவையும் ஒரு துளி குறைக்காமல் 19 மில்லிமீட்டர் நாடாவில் பதிவு செய்தது. அதனாலேயே அது பெரிய ஸ்டூடியோக்களின் குளிர்சாதன அறைகளை விட்டு வெளியே வரவில்லை. டிவி முறை சித்திரத்துக்கு ஒதுக்கிய இடமோ விநாடிக்கு 25 மெகாபிட். நூற்று அறுபத்தாறு இருபத்தைந்தாகக் குறைந்தது இரண்டு கட்டங்களில்.

முதல் கட்டம் வர்ணத்தைக் குறைப்பது. பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் நீர்வர்ணம் பூசிக் கொடுப்பார்கள். பட்டுச் சேலையின் ஜரிகையும் முகத்தின் சுருக்கங்களும் அடியிலுள்ள கறுப்பு வெள்ளையிலேயே துல்லியமாக இருப்பதால், மேலே பூசிய வர்ணம் சற்று அகலமாகவும் மழுங்கலாகவும் இருந்தாலும் கண் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. மனிதக் கண் பிரகாச வேற்றுமையைக் கூர்மையாகவும் வர்ண வேற்றுமையை மந்தமாகவும் உணர்கிறது என்ற இந்த உண்மையை அனுசரித்து, பால் டிவி முறையில் வர்ணம் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கப்படுகிறது. இதை 4:2:0 என்கிறார்கள். அமெரிக்க முறையில் உயரத்தைத் தொடாமல் அகலத்தில் நான்கில் ஒரு பங்காக்குகிறார்கள், அது 4:1:1. இரண்டாவது கட்டம், ஒவ்வொரு பிரேமையும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, அவற்றில் கண் எளிதில் கவனியாத நுண்ணிய மாறுதல்களைக் குறைத்து எழுதுவது. இதனால் ஏற்படும் சுருக்கம் ஐந்துக்கு ஒன்று. ஒரு மனிதர் அமைதியாக உட்கார்ந்து பேசும் காட்சியில் இந்தச் சுருக்கத்தைக் கண்டுபிடிப்பது வெகு கடினம். காற்றில் அசையும் இலைகள், அலைகளின் நுரை, கூட்டத்தின் மேல் தூவப்படும் பூக்கள் என நுண்மையும் அசைவும் நிறைந்த காட்சிகளில், கூர்ந்து பார்ப்பவருக்கு விளிம்புகளைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போன்ற ஓர் அலைச்சல் தென்படும்.

மேலே சொன்ன இந்தச் சுருக்கத்தைச் செய்யும் விதத்தில் மினி டிவி, சோனியின் டிவிகேம், பானசோனிக்கின் டிவிசி-புரோ ஆகிய மூன்றும் நெருங்கிய சகோதரர்கள். மூன்றிலும் சித்திரத்துக்கு அதே 25 மெகாபிட். மூன்றிலும் அதே ஐந்துக்கு ஒன்று. ஆகவே, டிவிகேமில் எடுத்தால் படம் மினி டிவியைவிடத் தெளிவாக வரும் என்று எண்ணிக்கொண்டு அதிகப் பணம் கொடுத்தவர்கள் உண்மையில் வாங்கியது தெளிவை அல்ல. அவர்கள் வாங்கியது கோட்டின் அகலத்தை. மினி டிவியில் 10 மைக்ரானாக இருந்த கோடு டிவிகேமில் 15 மைக்ரானாகவும், டிவிசி-புரோவில் 18 மைக்ரானாகவும் விரிந்தது. நாடா அந்த அளவுக்கு வேகமாக ஓடியதால், 60 நிமிஷ மினி டிவி கேசட்டில் டிவிகேம் முறையில் 40 நிமிஷமே எடுக்க முடிந்தது. அகலமான கோட்டைத் தலை தவறாமல் பின்தொடர்வது சுலபம். தூசி விழுந்து மறையும் பகுதி விகிதத்தில் குறைவு. ஒரு யந்திரத்தில் பதிவு செய்த நாடாவை வேறு ஊரில் வேறு யந்திரத்தில் போட்டாலும் படம் உடையாமல் ஓடும். செய்தியாளர் ஒருவர் கலவரத்தின் நடுவே ஒரே ஒரு தடவை எடுத்த காட்சி, ஆபீஸிலுள்ள பழைய யந்திரத்தில் நிச்சயமாக ஓடவேண்டும் என்ற உத்திரவாதத்துக்காகக் கொடுக்கும் விலை அது. அந்த உத்திரவாதம் தேவைப்படாதவர், அதாவது தான் எடுத்த நாடாவைத் தன்னுடைய காமிராவிலேயே போட்டு அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடும் தனி விவரணப் படக்காரர், மினி டிவியிலேயே எடுத்துவிட்டு மிச்சப்பட்ட பணத்தை நல்ல மைக்குக்குச் செலவிட்டிருந்தால் அவருடைய படம் கணிசமாக உயர்ந்திருக்கும்.

வர்ணத்தின் குறைப்பு எங்கே நம்மைக் காட்டிக்கொடுக்கும் என்றால், பச்சைத் திரையில். நடிகரைப் பச்சைத் திரைக்கு முன் நிறுத்திப் படமெடுத்து, பச்சையை நீக்கிவிட்டு வேறொரு பின்னணியைச் சேர்க்கும் தந்திரத்துக்குக் கம்ப்யூட்டர் நம்புவது பிரகாசத்தை அல்ல, வர்ணத்தை. கண்ணுக்கு ஏமாற்றம் தெரியாது என்று எந்தத் தகவலை எறிந்தோமோ அதே தகவலை இப்போது யந்திரம் தேடுகிறது. 4:1:1 முறையில் ஒரு கோட்டில் 720 பிரகாசப் புள்ளிகளுக்கு 180 வர்ணப் புள்ளிகளே இருக்கின்றன. ஆகவே காதோரம் பறக்கும் ஒரு முடியிழையை ஒட்டிய நான்கு புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு வர்ணம்தான் எழுதப்பட்டிருக்கும். அது பச்சையா முடியா என்று யந்திரம் தீர்மானிக்கும்போது நான்கு புள்ளிகளும் ஒன்றாக அழியும், அல்லது ஒன்றாக நிற்கும். தோள்பட்டையின் மெல்லிய வளைவு படிக்கட்டாக உடைவதும், கூந்தலைச் சுற்றிப் பச்சை விளிம்பு ஒட்டிக்கொண்டிருப்பதும் இதனால்தான். எத்தனை சாமர்த்தியமான மென்பொருளும் எழுதப்படாததை ஊகிக்க முடியுமே தவிர மீட்க முடியாது. இதே காரணத்தால்தான் பிற்பாடு டி.வி.டி. தட்டுக்காகத் தயாரித்தவர்களும் இரட்டை நஷ்டம் அடைந்தார்கள்: 4:1:1-இல் அகலத்தில் கால் பங்காகிவிட்ட வர்ணத்தை, 4:2:0-ஐ வற்புறுத்தும் தட்டு உயரத்திலும் பாதியாக்கிவிட்டது. பச்சைத் திரை வேலையோ விரிவான வர்ணத் திருத்தமோ உத்தேசித்தவர்களுக்கு 25 மெகாபிட் முறை எதுவும் ஏற்றதல்ல. விநாடிக்கு 50 மெகாபிட்டும் 4:2:2 வர்ணமும் தந்த டிவிசி-புரோ 50 அல்லது ஜே.வி.சி.யின் டிஜிட்டல்-எஸ் அவர்களுக்கு நடுத்தர வழியாக அமைந்தன.

அவற்றுக்கும் மேலே நின்றது 1993-இல் வந்த டிஜிட்டல் பீட்டாகேம். அரை அங்குல நாடா, 4:2:2 வர்ணம், எட்டுக்குப் பதில் பத்து பிட் அளவு, சுமார் இரண்டேகால் மடங்குக்குச் சற்று மிகுந்த சுருக்கம், விநாடிக்கு 90 மெகாபிட். எட்டு பிட்டில் இருளிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள். பத்து பிட்டில் 1024 படிகள். மாலை வானத்தில் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கிச் செல்லும் இடத்தில், திருத்தம் செய்யும்போது எட்டு பிட் சித்திரம் பட்டை பட்டையாகப் பிரிவதையும் பத்து பிட் சித்திரம் இழைந்து நிற்பதையும் அடுத்தடுத்த திரைகளில் பார்த்தவர்கள், அந்த யந்திரத்தின் விலை ஏன் அப்படி இருந்தது என்று பிறகு கேட்கமாட்டார்கள். தொலைக்காட்சி நிலையங்கள் பல ஆண்டுகள் டிஜிட்டல் பீட்டாகேம் கேசட்டிலேயே நிகழ்ச்சிகளை ஒப்படைக்கும்படி கேட்டன. எனவே எதில் எடுத்தாலும் கடைசியில் அதில் வந்து சேர வேண்டியிருந்தது.

2003-இல் ஜே.வி.சி., சோனி, கேனன், ஷார்ப் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்த எச்.டி.வி. முறையைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்களின் கவர்ச்சிக்கு மிக அதிகமானவர்கள் வசப்பட்டது இங்கேதான். அதே மினி டிவி கேசட், அதே நாடா வேகம், அதே 25 மெகாபிட். ஆனால் 720-க்கு 576 என்றிருந்த சித்திரம் 1440-க்கு 1080 ஆகிவிட்டது. பிக்சல்கள் ஏறக்குறைய நான்கு மடங்கு பெருகியும் தகவலுக்கான இடம் பெருகவில்லை. இந்த அற்புதத்தைச் சாதித்தது, டி.வி.டி. தட்டுகளில் பயன்பட்ட எம்பெக்-2 என்னும் சுருக்க முறை. இது ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியே எழுதுவதில்லை. ஒரு பிரேமை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்து வரும் பிரேம்களில் முன்னதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதுகிறது. பால் முறையில் பன்னிரண்டு பிரேம்கள் ஒரு கூட்டம். அசைவு குறைந்த காட்சியில் இதன் தெளிவு கண்ணைப் பறிக்கும். கூட்டம் ஓடும்போதும் காமிரா வேகமாகத் திரும்பும்போதும் மாறாதது எதுவுமே இல்லாமல் போவதால், இடம் போதாமல் சித்திரம் சிதறத் தொடங்கும். இன்னொரு அபாயமும் உண்டு. டிவி முறையில் நாடாவில் ஒரு தூசி பட்டால் ஒரு பிரேமில் சில சதுரங்கள் கலையும், எச்.டி.வி.யில் அதே தூசி முழுமையாக எழுதப்பட்ட பிரேமின் மேல் விழுந்துவிட்டால், அதை நம்பியிருக்கும் கூட்டம் முழுவதும், கிட்டத்தட்ட அரை விநாடி, கெட்டுவிடும். மாலை மாற்றும் அரை விநாடியோ, குற்றவாளி தலைநிமிரும் அரை விநாடியோ திரும்ப வருவதில்லை. நேர்காணல்களுக்கும் இயற்கைக் காட்சிகளுக்கும் எச்.டி.வி. அருமையான சாதனமாக இருந்தது. விளையாட்டுக்கும் பச்சைத் திரைக்கும் அதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன்.

நாடாவைப் பற்றி இவ்வளவு பேசியபின் காமிராவுக்கு வருகிறேன். நாடா எதை எழுதினாலும், லென்ஸ் கொண்டுவராத ஒன்றை அது எழுத முடியாது. கையில் தூக்கும் காமிராக்களில் பிம்பம் விழும் சில்லுகள் மூன்றில் ஒரு அங்குலம் என்று சொல்லப்பட்டன. அவற்றின் உண்மையான மூலைவிட்டம் 6 மில்லிமீட்டர். தோளில் சுமக்கும் தொழில்முறைக் காமிராக்களின் மூன்றில் இரண்டு அங்குலச் சில்லின் மூலைவிட்டம் 11 மில்லிமீட்டர். பரப்பளவில் பின்னது மூன்று மடங்குக்கும் அதிகம்; ஒவ்வொரு புள்ளிக்கும் அவ்வளவு அதிக வெளிச்சம். எச்.டி.வி.யின் கூட்டமான புள்ளிகளை அதே சிறிய சில்லில் அடைத்தபோது என்ன நேர்ந்தது என்பதற்குத் தயாரிப்பாளர் கொடுத்த கணக்கே சாட்சி: சோனியின் டிவிகேம் காமிராவான பிடி-170, 1 லக்ஸ் வெளிச்சத்தில் படமெடுக்கும் என்றும், அதன் வாரிசாக வந்த எச்.டி.வி. காமிராவான இசட்-1-க்கு 3 லக்ஸ் வேண்டும் என்றும் அச்சிட்டிருந்தார்கள். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் நடக்கும் சடங்கைப் பதிவு செய்யப் போனவருக்கு, பழைய முறையின் காமிராவே புதிய முறையின் காமிராவைவிட மேலானதாக இருந்திருக்கும்.

சகோதரக் காமிராக்களை ஒப்பிடுவதும் பயனுள்ளது. 2000-இல் வந்த சோனி வி.எக்ஸ்-2000, பிடி-150 என்ற இரண்டிலும் லென்ஸும் சில்லுகளும் ஒன்றே. பின்னதில் தொழில்முறை மைக்குகளைச் செருகும் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். வாயில்களும், டிவிகேம் பதிவும், ஒவ்வொரு பிரேமுக்கும் எண் கொடுக்கும் நேரக் குறியீட்டை விரும்பிய எண்ணிலிருந்து தொடங்கும் வசதியும் இருந்தன. சித்திரம் சுமாராக இருந்தாலும் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு காதில் விழாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே கூடுதல் விலையை நியாயப்படுத்தியது முதலாவதாகச் சொன்ன அந்த மைக் வாயில்களே.

நம் நாட்டவர் மறக்கக் கூடாத இன்னொரு சங்கதி உண்டு. 2002-இல் பானசோனிக் வெளியிட்ட டி.வி.எக்ஸ்-100, சினிமாவைப் போல விநாடிக்கு 24 முழுப் பிரேம்களைச் சிறு காமிராவில் எடுத்த முன்னோடி. அந்தப் புகழில் மயங்கி அதன் அமெரிக்க முறைக் காமிராவை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவர்கள் இங்குள்ள குழல்விளக்கின் கீழ் படமெடுத்தபோது, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும் வெளிச்சமும், விநாடிக்கு 24 என்ற பிரேம்களும் ஒத்துப்போகாமல் சித்திரம் துடிப்பதைக் கண்டார்கள். பால் முறைக் காமிராவின் 25 பிரேமும், ஐம்பதில் ஒரு விநாடி ஷட்டரும் நம் மின்சாரத்தோடு இயல்பாகவே இசைந்துவிடும். பின்னால் பிலிமுக்கு மாற்ற வேண்டுமென்றாலும், 25 பிரேமை 24 ஆக ஓட்டினால் நான்கு சதவீதம் மெதுவாகுமே தவிர வேறு குழப்பம் இல்லை.

இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட படங்களும் உண்டு. டென்மார்க்கின் தாமஸ் விண்டர்பெர்க் 1998-இல் வெளியிட்ட 'ஃபெஸ்டன்', ஒற்றைச் சில்லுள்ள சாதாரண மினி டிவி காமிராவில் எடுக்கப்பட்டு 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு மாற்றப்பட்டு, அவ்வாண்டு கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. ஒரு பிறந்தநாள் விருந்தில் குடும்ப ரகசியம் வெடிக்கும் கதை அது; சாப்பாட்டு மேஜைகளுக்கிடையே விருந்தாளிகளில் ஒருவரைப் போலச் சுற்றும் காமிராவுக்கு, சித்திரத்தின் சொரசொரப்பு பொருத்தமாகவே அமைந்தது. அதன் ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மாண்டில், 2002-இல் டேனி பாயிலின் '28 டேஸ் லேட்டர்' படத்துக்கு கேனன் எக்ஸ்.எல்.-1 என்னும் மினி டிவி காமிராவைத் தேர்ந்தெடுத்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் மனித சஞ்சாரமே இல்லாமல் வெறிச்சோடிக் கிடப்பதாகக் காட்டவேண்டும். விடியற்காலையில் போக்குவரத்தை நிறுத்திவைக்கக் கிடைத்த சில நிமிஷங்களுக்குள் பல காமிராக்களை ஒரே சமயத்தில் நிறுத்தி எடுத்துவிடச் சிறிய, விரைவாகப் பொருத்தக்கூடிய காமிராக்களே உதவின. படத்தின் இறுதிப் பகுதிக்கு மட்டும் அவர்கள் 35 மில்லிமீட்டர் பிலிமுக்குத் திரும்பினார்கள். அழிவின் உலகத்துக்கு ஒரு சித்திரத் தரமும், உயிர் திரும்பும் உலகத்துக்கு வேறொரு தரமும் வேண்டும் என்று தெரிந்தே செய்த அந்தத் தேர்வு எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

எதிர் எல்லையில், ஜார்ஜ் லூகாஸ் 2002-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' இரண்டாம் பாகத்தை சோனியின் எச்.டி.கேம் நாடாவில், விநாடிக்கு 24 பிரேம் எடுக்கும் எப்-900 காமிராவால் எடுத்தார். அதே ஆண்டில் வெளிவந்த அலெக்சாண்டர் சொக்குரோவின் 'ரஷ்யன் ஆர்க்', செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் அரண்மனைக்குள் ஒன்றரை மணி நேரம் வெட்டே இல்லாமல் ஓடும் படம். காமிராவுக்குள் அடங்கும் எச்.டி.கேம் கேசட் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும் என்பதால், அவர்கள் அதே வகைக் காமிராவை வைத்துக்கொண்டு நாடாவைக் கைவிட்டு, உடன் சுமந்து சென்ற வன்தட்டில் பதிவு செய்தார்கள். தமிழில் பி. சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்', கமல்ஹாசன் நடித்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' ஆகியவை 2004, 2005 ஆண்டுகளில் டிஜிட்டல் காமிராவால் எடுக்கப்பட்டு, பிலிமே சினிமா என்றிருந்த கோடம்பாக்கத்தில் இந்த விவாதத்தைத் தொடங்கிவைத்தன.

நாடாவோடு வாழ்ந்தவர்கள் கடைப்பிடித்த சில ஒழுங்குகளையும் சொல்ல வேண்டும். குளிர்சாதன அறையிலிருந்து கடற்கரைக் காற்றுக்குள் காமிராவைக் கொண்டுவந்தவுடன் உருளையின் மேல் ஈரம் படியும். ஈரமான உருளையில் நாடா ஒட்டிக் கிழிந்துவிடக்கூடும் என்பதால் காமிரா தானாகவே எச்சரித்து நின்றுவிடும். சென்னை போன்ற நகரங்களில் அனுபவசாலிகள் படப்பிடிப்புக்கு ஒரு மணி முன்னதாகவே பெட்டியைத் திறந்து வைத்துவிடுவார்கள். எடுத்த காட்சியைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, பதிவு முடிந்த இடத்தைத் தாண்டி வெற்று நாடாவிலிருந்து மறுபடி தொடங்கினால், நேரக் குறியீடு பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்துவிடும். ஒரே கேசட்டில் ஒரே எண் இரண்டு இடங்களில் வந்து எடிட்டிங் மேஜையில் பெரும் குழப்பம் விளையும். ஆகையால் காட்சி முடிந்த பிறகும் சில விநாடிகள் கூடுதலாகப் பதிவு செய்து, மறுமுறை அந்த மிச்சத்தின் மேலேயே தொடங்குவது நல்ல கைகளின் அடையாளமாக இருந்தது. ஒரு காமிராவில் ஒரே நிறுவனத்தின் நாடாவையே தொடர்ந்து போடுவதும் அப்படிப்பட்ட வழக்கந்தான்.

2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய பூகம்பமும் சுனாமியும் தகாஜோ நகரில் உயர்தர எச்.டி.கேம் எஸ்.ஆர். நாடா தயாரித்த சோனி ஆலையை முடக்கியபோது, உலகெங்கும் தயாரிப்பாளர்கள் நாடாவுக்குத் தவித்து, நினைவட்டைகளுக்கும் வன்தட்டுகளுக்கும் மாறினார்கள். 2016 மார்ச்சில் சோனி தன் பழைய வீட்டு உபயோக பீட்டாமேக்ஸ் கேசட் விற்பனையையும் நிறுத்திக்கொண்டது. தலைகள் தேய்ந்தால் மாற்றுவதற்கு உதிரிப் பாகம் அரிதாகி வரும் இக்காலத்தில், வீட்டு அலமாரிகளிலும் சிறு ஸ்டூடியோக்களிலும் கிடக்கும் மினி டிவி, டிவிகேம் கேசட்டுகளைக் காப்பாற்ற முனைகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அவற்றை டி.வி.டி.யாக மாற்றித் தரும் கடையைத் தேடுவதல்ல. அப்படி மாற்றினால், ஏற்கெனவே ஒரு தடவை சுருங்கிய சித்திரம் மறுபடி சுருங்கி, நாடாவில் இருந்த தகவலில் பெரும்பகுதி போய்விடும். ஃபயர்வயர் என்னும் கம்பி வழியாக நாடாவிலுள்ள எண்களை உள்ளபடியே கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ள முடியும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட் இடம் வேண்டும், அவ்வளவுதான். 10 மைக்ரான் கோட்டில் எழுதப்பட்ட நாடா, கூடுமானவரை அதை எழுதிய அதே காமிராவிலேயே நன்றாக ஓடும். எனவே கேசட்டோடு சேர்த்து அந்தப் பழைய காமிராவையும் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிடாமல் வைத்திருந்து, இறக்கும் வேலை முடியும்வரை அதைச் சுத்தமாகவும் உலர்ந்த இடத்திலும் பராமரிக்க வேண்டும்.